வாசகர் கேள்வி: சீன மாணவர்களும் ஆங்கிலத் தேர்வின் பத்தி வாசிப்பும்

சீனாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தமிழர்களிடமிருந்தும், அங்கே வேலை நிமித்தம் குடியேறியவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளில் பத்தி வாசிப்பைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டுரை எழுதுவது பற்றிய கேள்விகளுக்குத் தனியே பதில் வரும்.

பக்கத்து வீட்டுச் சீனப் பையன் காவ்காவ் தேர்வுக்குப் படிக்கிறான். மாலையில் ஆங்கிலம் கேட்டு வருகிறான். அவனுடைய கேள்வித்தாளைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை. எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண்?
— குவாங்சோவிலிருந்து ஒரு வாசகி

காவ்காவ் என்பது சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. 2024-இல் அதற்குப் பெயர் பதிந்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். மொத்தம் 750 மதிப்பெண். அதில் சீனமொழி, கணிதம், அயல்மொழி மூன்றுக்கும் தலா 150. ஆங்கிலத் தேர்வு ஜூன் 8 பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை. பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் ஆகியவை தங்கள் தாளைத் தாங்களே தயாரிக்கின்றன. நீங்கள் இருக்கும் குவாங்தோங் மாகாணம் எழுதுவது தேசியத் தாள். கேட்டல் பகுதியை மட்டும் அங்கே பேச்சுத் தேர்வோடு சேர்த்துத் தனியே வைக்கிறார்கள்.

தேசியத் தாளின் முழு வடிவில் முதலில் கேட்டல் பகுதி: 20 கேள்வி, 30 மதிப்பெண். அடுத்தது வாசிப்பு, 50 மதிப்பெண். அதில் ஏ, பி, சி, டி என நான்கு பத்திகளும் 15 கேள்விகளும் வரும். ஏ-வுக்கு மூன்று கேள்வி (21 முதல் 23), மற்ற மூன்றுக்கும் நான்கு நான்கு (24 முதல் 35). ஒவ்வொன்றும் 2.5 மதிப்பெண். அதன்பின் 'ச்சி ஷுவான் வூ', அதாவது ஏழில் ஐந்தைத் தேர்ந்தெடுப்பது: 36 முதல் 40 வரை, அதற்கும் தலா 2.5. பிறகு கோடிட்ட இடத்துக்குச் சொல் தேர்வது 15 மதிப்பெண், இலக்கண வடிவம் எழுதி நிரப்புவது 15. கடைசியில் எழுத்துப் பகுதி 40: கடிதம் போன்ற சிறு கட்டுரைக்கு 15, பாதியில் நிற்கும் கதையைத் தொடர்ந்து எழுதுவதற்கு 25.

இதில் பையன் மனதில் பதிய வேண்டியது ஒன்று. ஒரு வாசிப்புக் கேள்வி இரண்டரைக் கோடிட்ட இடங்களுக்குச் சமம். கோடிட்ட இடத்தில் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு டி பத்தியைப் பாதி படித்து ஊகத்தில் விடை போடும் மாணவர்கள் ஏராளம். ஒரு மதிப்பெண்ணைத் துரத்தி இரண்டரையைத் தொலைக்கும் கணக்கு அது.

பத்திகளின் தன்மையும் ஓரளவு நிலையானது. ஏ பெரும்பாலும் விளம்பரம் அல்லது அறிவிப்பு: அருங்காட்சியக நேரம், கோடை முகாம், சுற்றுலாக் கட்டணம் போன்றவை. பி பெரும்பாலும் ஒருவருடைய அனுபவம். சி, டி இரண்டும் விளக்கக் கட்டுரையோ அறிவியல் ஆய்வுச் செய்தியோ விவாதமோ. பாடப்புத்தகத்திலிருந்து எந்தப் பத்தியும் வராது. பாடத்தை மனப்பாடம் செய்து இந்த 50 மதிப்பெண்ணை வாங்க வழியே இல்லை.

என் மாணவர்கள் சொற்களை வெறித்தனமாக மனப்பாடம் செய்கிறார்கள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் சீன அர்த்தம் சொல்கிறார்கள். ஆனால் சி, டி பத்திகளில் நான்குக்கு ஒன்றோ இரண்டோதான் சரி. எங்கே தவறு?
— ஃபோஷான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியை

தவறு சொல்லில் இல்லை, வாக்கியத்தின் எலும்பில் இருக்கிறது. சீன ஆசிரியர்கள் 'ச்சாங் நான் ஜூ' என்று சொல்வார்களே, நீண்ட கடின வாக்கியம், அங்கேதான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். தமிழ் தெரிந்தவர் என்பதால் இதை உங்களால் மற்றவர்களைவிட எளிதாகப் புரிந்துகொள்ள முடியும்.

'தி டீம் தட் பில்ட் தி பிரிட்ஜ் தி வில்லேஜர்ஸ் யூஸ் எவ்ரி டே ஹேஸ் வன் எ பிரைஸ்.' இதைத் தமிழில் சொன்னால்: கிராமத்தார் தினமும் பயன்படுத்தும் பாலத்தைக் கட்டிய குழு பரிசு பெற்றிருக்கிறது. குழு என்ற சொல்லுக்கு முன்னாலேயே எல்லா அடைமொழியும் வந்துவிட்டது. சீனமொழியிலும் அப்படியே. நம் பெயரெச்சம் செய்யும் வேலையை அங்கே 'த' என்ற ஒற்றை அசை செய்கிறது. 'கட்டிய குழு' என்பதில் 'ய' எப்படியோ அப்படி. தமிழும் சீனமும் பெயருக்கு முன்னால் அடுக்குகின்றன, ஆங்கிலம் பெயருக்குப் பின்னால் தொங்கவிடுகிறது. அதனால் மாணவன் இடமிருந்து வலமாகச் சொற்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டே போகும்போது, 'ஹேஸ் வன்' வரும் நேரத்தில் 'டீம்' மறந்துபோய்விடுகிறது. பக்கத்தில் இருப்பது 'வில்லேஜர்ஸ்'. பரிசு கிராமத்தாருக்கு என்று முடிவு கட்டிவிடுகிறான். நான்கு ஆப்ஷன்களில் ஒன்று கட்டாயம் 'கிராமத்தார் பரிசு பெற்றனர்' என்றிருக்கும். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தும் விடை தவறு.

வகுப்பில் தினம் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மூன்றே வாக்கியம் போதும், அன்றைய பத்தியிலிருந்தே எடுங்கள். முதலில் காலம் காட்டும் வினைகளின் கீழே கோடு. மேலே உள்ளதில் மூன்று: பில்ட், யூஸ், ஹேஸ் வன். பிறகு இணைப்புச் சொற்களை வட்டமிடச் சொல்லுங்கள்: தட், விச், ஹூ, பிகாஸ், வென் போன்றவை. வினைகளின் எண்ணிக்கை இணைப்புச் சொற்களைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே வினை மூன்று, கண்ணுக்குத் தெரியும் இணைப்பு 'தட்' ஒன்றுதான். கணக்கு ஒன்று குறைகிறது. அப்படியானால் எங்கோ ஒரு 'தட்' மறைந்திருக்கிறது. காற்புள்ளியோ 'ஆஃப்' போன்ற முன்னிடைச்சொல்லோ இல்லாமல் இரண்டு பெயர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் அது இருக்கும்: 'தி பிரிட்ஜ் | தி வில்லேஜர்ஸ்'. அங்கே ஒரு கோடு கிழித்தால் வாக்கியம் திறந்துகொள்ளும். இணைப்புக்குச் சொந்தமான வினைகளை அடைப்புக்குள் போட்டுவிட்டால் வெளியே மிஞ்சுவது 'டீம் ஹேஸ் வன்'. அதுதான் எலும்பு. 'அண்ட்', 'பட்' இணைக்கும் வினைகளையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி வினையின் காலம். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. 'ஹி வுட் ஹேவ் மிஸ்ட் தி டிரெயின்' என்ற வரியில் மாணவன் கண்ணில் படுவது 'மிஸ்ட்', 'டிரெயின்' இரண்டும்தான். ரயிலைத் தவறவிட்டான் என்று படிக்கிறான். 'தவறவிட்டிருப்பான்' என்றால் தவறவிடவில்லை என்று அர்த்தம். 'ஹேட் பிளான்ட் டு' என்று வந்தால் பெரும்பாலும் திட்டம் கைகூடவில்லை. 'டூ டயர்ட் டு வாக்', 'ஃபெயில்ட் டு', 'எனிதிங் பட்' இவற்றில் 'நாட்' என்ற சொல்லே கிடையாது, ஆனால் பொருள் எதிர்மறை. இப்படி ஒளிந்திருக்கும் எதிர்மறைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிப் பட்டியல் போடச் சொல்லுங்கள். சொற்பட்டியலில் இன்னும் 200 சொல் ஏற்றுவதைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் பயன் தரும்.

எப்போதும் இரண்டு ஆப்ஷன்களில் வந்து நின்றுவிடுகிறார்கள். அந்த இரண்டில் தவறானதையே பொறுக்குகிறார்கள். அதிர்ஷ்டம் இல்லை என்கிறார்கள். இதற்கு ஏதாவது முறை உண்டா?
— அதே ஆசிரியை

உண்டு. அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தவறான ஆப்ஷன்கள் கைபோன போக்கில் எழுதப்படுவதில்லை. சில வகைகளில்தான் தயாராகின்றன. சீன ஆசிரியர்கள் ஒவ்வொரு வகைக்கும் தங்கள் மொழியின் நான்கெழுத்துத் தொடர்களையே பெயராக வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் அவை தெரியும்.

ஒரு சிறு பத்தியை வைத்துப் பார்ப்போம். இது இங்கே விளக்கத்துக்காக எழுதியது. தேர்வில் ஆங்கிலத்தில் இருக்கும்.

'ஓர் ஊர் நூலகம் புத்தகங்களோடு துளைபோடும் மெஷின், தையல் மெஷின், கூடாரம் ஆகியவற்றையும் இரவல் தரத் தொடங்கியது. முதல் ஆறு மாதம் வெகு சிலரே எடுத்துப் போனார்கள். சனிக்கிழமைதோறும் அவற்றை இயக்கக் கற்றுத்தர ஆரம்பித்த பிறகுதான் வரிசை நீண்டது. "பொருள் போதாமல் போனதே இல்லை. மக்கள் அவற்றைத் தொடவே பயந்தார்கள்" என்கிறார் நூலகர். பக்கத்து ஊர்களின் இரண்டு நூலகங்கள் இதைப் பின்பற்றத் திட்டமிட்டுள்ளன.'

கேள்வி: முதல் ஆறு மாதம் சிலர் மட்டுமே எடுத்ததற்குக் காரணம் என்ன? ஏ: நூலகத்தில் பொருள்கள் போதவில்லை. பி: அவற்றைக் கையாளும் நம்பிக்கை மக்களிடம் இல்லை. சி: பக்கத்து ஊர் நூலகங்களும் அவற்றை இரவல் தந்தன. டி: இரவல் கட்டணம் அதிகமாக இருந்தது.

டி-யை முதலில் பார்ப்போம். பத்தியில் கட்டணம் என்ற பேச்சே இல்லை. இதற்குப் பெயர் 'வூ ஜோங் ஷெங் யோவ்', இல்லாததிலிருந்து உண்டாக்குவது. உலக நடப்பில் கட்டணம் ஒரு நியாயமான காரணம் என்பதால்தான் மாணவன் ஏமாறுகிறான். தன் அனுபவத்தைக் கொண்டுவந்து பத்தியில் நிரப்புகிறான். சி-யில் வரும் நூலகங்கள் பத்தியில் உண்டு, ஆனால் அவை இனிமேல்தான் தொடங்கப் போகின்றன, காரணத்தோடு அவற்றுக்குத் தொடர்பும் இல்லை. இது 'ஜாங் குவான் லீ தாய்', அதாவது ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைப்பது. யார் செய்தது, எப்போது செய்தது என்பதை மாற்றிப் போடும் வகை.

மாணவர்கள் கடைசியில் நிற்பது ஏ-யிலும் பி-யிலும். ஏ-யில் 'பொருள்', 'போதவில்லை' என்று பத்தியின் சொற்களே கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. பி-யில் பத்தியின் முக்கியச் சொல் ஒன்றுகூட இல்லை. பழகாத மாணவன் தெரிந்த முகத்தைப் பார்த்து ஏ-யின் பக்கம் போகிறான். பத்தி சொன்னதோ நேர் எதிர்: பொருள் போதாமல் போனதே இல்லை. 'தொடவே பயந்தார்கள்' என்பதைத்தான் பி வேறு சொற்களில் 'நம்பிக்கை இல்லை' என்கிறது. சரியான விடை பெரும்பாலும் இப்படி உடை மாற்றிக்கொண்டுதான் வரும். பத்தியின் சொல் அப்படியே ஆப்ஷனில் தெரிந்தால் தவறு என்று முடிவு கட்டவும் கூடாது, சில கேள்விகளில் அது சரியாகவும் இருக்கும். அந்த வரிக்குத் திரும்பிப் போய் எழுவாய், எதிர்மறை, காலம் மூன்றையும் ஒப்பிட வேண்டும்.

இதே பத்திக்குத் தலைப்புக் கேள்வி வந்தால் பொறி வேறு. 'சனிக்கிழமை வகுப்புகள்' என்பது ஒரு பகுதியை முழுமையாகக் காட்டுவது ('யி பியான் காய் ச்சுவான்'). 'நூலகங்களின் எதிர்காலம்' பத்தியைவிட மிகப் பெரியது. தலைப்பு பத்திக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருக்க வேண்டும். குட்டையாகவும் கூடாது, தொளதொளவென்றும் கூடாது. நல்ல சோதனை ஒன்று உண்டு. தலைப்பை மூடிவைத்துவிட்டு ஒவ்வொரு பத்திப் பிரிவுக்கும் நான்கு சொல்லில் பெயர் வைக்கச் சொல்லுங்கள். எல்லாப் பெயரிலும் திரும்பத் திரும்ப வருவது தலைப்பில் இருந்தாக வேண்டும்.

வகுப்பில் ஒரு விதி போடுங்கள்: விடை சொல்பவர் வரி எண்ணையும் சொல்ல வேண்டும். 'பி, நாலாவது வரி' என்று. வரி காட்ட முடியாத விடையை, அது சரியாகவே இருந்தாலும், ஏற்காதீர்கள். முதல் இரண்டு வாரம் வேகம் குறையும், பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பத்தியைப் படிப்பதா, கேள்வியைப் படிப்பதா? நேரம் போதவே மாட்டேன் என்கிறது.
— வூஹானிலிருந்து ஒரு வாசகர்

பத்தியைப் பொறுத்தது. ஏ பத்திக்குக் கேள்வியை முதலில் படித்து, தேவையான தகவலை மட்டும் தேடினால் போதும். அறிவிப்புப் பலகையை யாரும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. பி கதைபோல ஓடும், ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கேள்விக்குப் போவது நல்லது. சி, டி இரண்டிலும் கேள்வியின் தலைவரியை மட்டும் பார்த்துவிட்டுப் பத்திக்குள் நுழைய வேண்டும். ஆப்ஷன்களை முன்கூட்டிப் படிக்கவே கூடாது. ஒரு பத்தியின் நான்கு கேள்விக்கும் உள்ள பதினாறு ஆப்ஷன்களில் பன்னிரண்டு தவறானவை. அவை மனதில் ஏறிவிட்டால் பத்தியில் இல்லாததெல்லாம் இருப்பதுபோலத் தெரியும். கேள்விகள் பெரும்பாலும் பத்தியின் வரிசையிலேயே வரும், தலைப்பு அல்லது மையக்கருத்துக் கேள்வி பெரும்பாலும் கடைசியில்.

120 நிமிடத்தில் கேட்டலுக்கு ஏறத்தாழ 20 போகும். மிச்சம் 100. ஏ-வுக்கு 5, பி-க்கு 7, சி-க்கு 8, டி-க்கு 9, ஏழில்-ஐந்துக்கு 7 என 36 நிமிடம். கோடிட்ட இடம் 13, இலக்கணம் 8, சிறு கட்டுரை 14, கதைத் தொடர்ச்சி 25. கூட்டினால் 96. நான்கு நிமிடம் கையில் இருக்கும். நடுத்தர மாணவனுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

ஒரு கேள்வியில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் சிக்கினால் ஏதாவது ஒரு விடையைக் குறித்து, பக்கத்தில் சிறு புள்ளி வைத்துவிட்டு நகரச் சொல்லுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. வெற்றாக விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஏழில் ஐந்து பகுதியில் ஒன்று தவறினால் இன்னொன்றும் சேர்ந்து தவறுகிறது. ஏன்?
— குவாங்சோ வாசகி

ஒரு பத்தியில் ஐந்து இடம் காலியாக இருக்கும், கீழே ஏழு வாக்கியம், இரண்டு மிஞ்சும். முதல் இடத்துக்கு உரிய வாக்கியத்தை மூன்றாம் இடத்தில் வைத்துவிட்டால், முதல் இடத்துக்கு வேறு எதையாவது இட்டு நிரப்பத்தான் வேண்டியிருக்கும். இரண்டு தவறு, ஐந்து மதிப்பெண் போச்சு. அதனால் 36, 37, 38 என்று வரிசையாகப் போடக் கூடாது. எது உறுதியோ அதை முதலில் போட்டு, அந்த வாக்கியத்தைப் பட்டியலில் அடித்துவிட வேண்டும்.

உறுதியைத் தருவது சிறு சொற்கள். காலி இடத்துக்கு அடுத்த வாக்கியம் 'தே' என்று தொடங்கினால், இடத்துக்குள் போகும் வாக்கியத்திலோ அதற்கு முந்தியதிலோ பன்மைப் பெயர் ஒன்று வேண்டும். ஆப்ஷனிலேயே 'திஸ் ஹேபிட்' என்றிருந்தால் அதற்கு மேலே ஏதோ ஒரு பழக்கம் பேசப்பட்டிருக்க வேண்டும். 'ஹவெவர்' இருந்தால் முந்திய வாக்கியத்தோடு மோத வேண்டும். 'ஃபார் எக்ஸாம்பிள்' என்றால் முந்தியது பொதுவாகவும் இது குறிப்பாகவும் இருக்க வேண்டும். சீனமொழியில் எழுவாயையும் சுட்டுப்பெயரையும் அடிக்கடி சொல்லாமலே விட்டுவிடுவார்கள். அதனால் சீன மாணவர் கண்ணுக்கு 'இட்', 'தே', 'சச்' எல்லாம் வெறும் தூசி. அவற்றின் மேல் பென்சிலால் அம்பு போட்டு எதைச் சுட்டுகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

காலி இடம் எங்கே இருக்கிறது என்பதும் துப்புதான். பத்திப் பிரிவின் தொடக்கத்தில் இருந்தால் அந்தப் பிரிவு முழுவதையும் தாங்கும் வாக்கியம் வேண்டும். அது துணைத்தலைப்பாக இருந்தால் மற்ற துணைத்தலைப்புகளின் வடிவத்தைப் பாருங்கள். அவை 'கீப் எ டைரி' என்று ஏவல் வினையில் தொடங்கினால் இதுவும் அப்படித்தான் தொடங்கும். நடுவில் இருந்தால் மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். மாணவர்கள் மேலே மட்டும் ஒட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள், பல தவறுகள் அங்கேதான். ஐந்தும் போட்ட பிறகு மிஞ்சிய இரண்டு வாக்கியங்களையும் ஒருமுறை படித்து, அவை ஏன் எங்கும் பொருந்தவில்லை என்று சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால் எங்கோ பிசகியிருக்கிறது.

அடிக்கோடிட்ட சொல்லின் பொருள் கேட்கும்போது, தெரிந்த சொல்லாக இருந்தாலே பயமாக இருக்கிறது என்கிறான் என் நண்பரின் தம்பி.
— வூஹான் வாசகர்

அந்தப் பயம் நல்லது. பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள கடினச் சொல்லுக்குத் தாளிலேயே பக்கத்தில் சீன அர்த்தம் அச்சிட்டிருப்பார்கள். அர்த்தம் தராமல் அடிக்கோடிட்டிருந்தால், சுற்றியுள்ள வரிகளிலிருந்து பொருள் எடுக்க முடியும் என்று தாள் தயாரித்தவர் உறுதி செய்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

தெரிந்த சொல் வேறு பொருளில் வருவது வழக்கமான சோதனை. 'அட்ரஸ்' என்றால் முகவரி மட்டுமா? ஒரு பிரச்சினையை எடுத்துக் கையாள்வதும் 'அட்ரஸ்'தான். 'கவர்' மூடுவதும் ஆகும், செய்தி சேகரிப்பதும் ஆகும், தூரம் கடப்பதும் ஆகும். 'வெதர்' வினையாக வந்தால் புயலையோ நெருக்கடியையோ தாக்குப்பிடித்துக் கடப்பது. 'சேர்' கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது. சொற்பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரே சீன அர்த்தம் எழுதிப் படித்தவன் இங்கே கட்டாயம் விழுவான். ஆப்ஷன்களில் அந்த முதல் அர்த்தம் ஒன்றாக நிற்கும். ஒவ்வொரு ஆப்ஷனையும் அடிக்கோடிட்ட இடத்தில் வைத்து, அந்த வாக்கியத்தையும் அடுத்த வாக்கியத்தையும் சேர்த்துப் படித்தால் இரண்டாவது வாக்கியத்தில் முரண் தெரிந்துவிடும்.

பத்தியை எழுதியவரின் மனப்பான்மை என்ன என்ற கேள்விக்குக் குறுக்குவழி?
— வூஹான் வாசகர்

குறுக்குவழி என்று சொல்ல முடியாது. யாருடைய மனப்பான்மை கேட்கிறார்கள் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பத்தியில் மேற்கோளாக வரும் ஓர் ஆய்வாளர் சந்தேகப்படலாம், எழுதியவர் ஆதரிக்கலாம். இரண்டுமே ஆப்ஷனில் இருக்கும். 'பட்', 'யெட்' வந்தபின் சொல்லப்படுவதற்கே எடை அதிகம். 'இன்டிஃபரென்ட்' பெரும்பாலும் விடையாகாது, அக்கறை இல்லாதவர் அதைப் பற்றி 300 சொல் எழுதமாட்டார். அறிவியல் செய்தியில் எழுதியவரின் மனப்பான்மை பல நேரம் 'அப்ஜெக்டிவ்' (பக்கம் சாயாதது) ஆகவே இருக்கும், ஆனால் ஆதாரச் சொல் ஒன்றைக் காட்டாமல் அதைக் குறிக்கக் கூடாது.

ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கும் இதே முறைகள் பொருந்துமா?
— குவாங்சோ வாசகி

ஒன்பதாம் வகுப்பு முடிவில் வருவது ஜோங்காவ், மேல்நிலைப் பள்ளிக்கான தேர்வு. தாள் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் ஊரின் பழைய தாள்களையே வாங்குங்கள். 2022-இல் வந்த பாடத்திட்டம் அந்த வயதுக்கு 1600 சொற்களை வைக்கிறது. காவ்காவ் எழுதுபவருக்குச் சுமார் 3000. ஜோங்காவில் நேரடித் தகவல் கேள்விகள் அதிகம். அதனால் வரி எண் சொல்லும் பழக்கத்தை மட்டும் இப்போதே ஏற்படுத்துங்கள். வினைக் கணக்கு, தலைப்புச் சோதனை எல்லாம் அடுத்த ஆண்டு போதும்.

ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றேன். வீட்டிலிருந்தே சீன மாணவர்களுக்கு ஆன்லைனில் சொல்லிக்கொடுக்க முடியுமா?
— கோவையிலிருந்து ஒரு வாசகி

2021 ஜூலையில் சீன அரசு வீட்டுப்பாடச் சுமையையும் டியூஷன் சுமையையும் குறைக்க 'இரட்டைக் குறைப்பு' என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. சீனாவுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவரை டியூஷன் நடத்த அமர்த்துவதை அது வெளிப்படையாகத் தடை செய்கிறது. எந்த நிறுவனமாவது சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்று ஆசைகாட்டி முன்பணமோ பயிற்சிக் கட்டணமோ கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள், அம்மா. சீனாவில் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் குடிவரவு அலுவலகத்தின் அனுமதியும் இல்லாமல் பணம் வாங்கி டியூஷன் எடுப்பது சட்டவிரோத வேலை.

தினமும் எவ்வளவு பயிற்சி? 'சுவோ தி பென்' எழுதச் சொல்கிறோம், எழுதுகிறார்கள், மதிப்பெண் மட்டும் ஏறவில்லை.
— ஃபோஷான் ஆசிரியை

'சுவோ தி பென்' என்பது தவறான விடைகளுக்கான குறிப்பேடு. பெரும்பாலான குறிப்பேடுகளைத் திறந்தால் பத்தியை வெட்டி ஒட்டி, சிவப்பு மையில் சரியான விடையை எழுதியிருப்பார்கள். அழகாக இருக்கும், ஒன்றுக்கும் உதவாது. சரியான எழுத்து பி என்று தெரிந்துகொள்வதால் அடுத்த பத்தியில் என்ன லாபம்?

ஒரு தவறுக்கு நான்கு வரி போதும். கேள்வியின் வகை (தகவல், ஊகம், சொல், மையக்கருத்து). விடை இருந்த வரி, ஆங்கிலத்திலேயே. நான் போட்ட ஆப்ஷன் என்னை ஏமாற்றிய விதம்: ஜாங்கின் தொப்பியா, இல்லாததா, பகுதியை முழுமையாக்கியதா, எதிர்மறையைத் தவறவிட்டதா. கடைசியாக, அந்த வரியில் எந்தச் சொல் என்னை நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றாவது வரிதான் உயிர். மூன்று வாரம் கழித்து அந்த மூன்றாவது வரிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் ஒரே வகை திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வேறு. வகுப்பு முழுவதற்கும் ஒரே அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தால் பலன் குறைவாக இருப்பதும் அதனால்தான். ஏழு நாள் கழித்து அதே பத்தியைக் குறிப்பேடு பார்க்காமல் மறுபடி செய்ய வேண்டும்.

அளவு: நாளுக்கு இரண்டு பத்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓர் ஏழில்-ஐந்து, வார இறுதியில் கடிகாரம் வைத்து முழு வாசிப்புப் பகுதி. அதற்குமேல் வேண்டாம். பத்திக்கு 8 நிமிடம் என்றால், செய்த பிறகு அலசுவதற்கு 12 நிமிடம் ஒதுக்குங்கள். அலசலுக்குத்தான் கூடுதல் நேரம். முந்தைய ஆண்டுகளின் உண்மையான தாள்களை முதலில் முடியுங்கள். சந்தையில் குவிந்திருக்கும் மாதிரித் தாள்களில் பலவற்றில் தவறான ஆப்ஷன்கள் கவனமாகச் செய்யப்பட்டிருக்காது, இரண்டு விடை சரிபோலத் தோன்றும், அதில் பழகியவர்களுக்கு வரி தேடும் நம்பிக்கையே போய்விடும். ஒரு பத்தியிலிருந்து எட்டுச் சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம், எழுதும் ஒவ்வொன்றையும் அது வந்த வாக்கியத்தோடு எழுத வேண்டும்.

நன்றாகப் படிக்கும் மாணவி, பயிற்சித் தேர்வில் நான்கைந்து கேள்வி வரிசையாகத் தவறு. விடைகள் கேள்வித்தாளில் சரியாகவே குறித்திருந்தாள்.
— ஃபோஷான் ஆசிரியை

விடைத்தாளில் ஒரு வரிசை தள்ளி நிரப்பியிருக்கிறாள். 2பி பென்சிலால் கட்டங்களைக் கறுப்பாக்கி, மெஷின் படிக்கும் தாள் அது. மெஷினுக்கு மன்னிக்கத் தெரியாது. சந்தேகத்தில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததன் விடையை விட்ட வரிசையிலேயே நிரப்புவதுதான் வழக்கமான காரணம். எல்லாவற்றையும் கடைசி ஐந்து நிமிடத்தில் நிரப்ப வைத்திருப்பது இன்னொரு காரணம். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அதன் மூன்றோ நான்கோ விடையை உடனே நிரப்பி, கடைசி எண் 23, 27, 31, 35 இல் முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விட்ட கேள்விக்கும் தற்காலிகமாக ஒரு விடையை நிரப்பிவிட்டால் வரிசை தப்பாது. 36 முதல் 40 வரை மட்டும் ஒவ்வொரு வரிசையிலும் ஏ முதல் ஜி வரை ஏழு கட்டம் இருக்கும். நான்கு கட்டத்துக்குப் பழகிய கை அங்கே ஈ-க்குப் பதில் எஃப்-ஐ நிரப்பிவிடும். அந்த ஐந்தை மட்டும் நிரப்பிய பிறகு எழுத்தை வாய்க்குள் சொல்லிச் சரிபார்க்கப் பழக்குங்கள்.